வில்கின்சன் போன வழி இன்னும் திறந்திருக்கிறதா? முப்பதை நெருங்கும் இங்கிலாந்து ரக்பி வீரரின் முன்னுள்ள மூன்று ஒப்பந்தங்கள்

இங்கிலாந்தில் தொழில்முறை ரக்பி யூனியன் ஆடுபவருக்கு 28, 29 வயதில் வரும் ஒப்பந்தம்தான் பெரும்பாலும் வாழ்நாளிலேயே பெரியது. அதற்குப் பிறகு வருபவை குறுகியவை, தொகையும் குறைவு. அந்த வயதில் மூன்று வழிகள் இருக்கின்றன: இங்கிலாந்தின் மேல் லீக்கான பிரீமியர்ஷிப் கிளப்பிலேயே நீடிப்பது, பிரான்ஸின் டாப் 14க்குப் போவது, ஜப்பானின் லீக் ஒன்னுக்குப் போவது. பிரான்ஸ் பேச்சு எழுந்ததும் யாராவது 2003 உலகக் கோப்பை நாயகன் ஜானி வில்கின்சன் பெயரைச் சொல்வார்கள். நியூகாசிலில் காயங்களோடு முடிந்திருக்க வேண்டிய ஆட்ட வாழ்க்கை பிரான்ஸின் துலோன் கிளப்பில் மூன்று கோப்பைகளோடு முடிந்ததே, நீயும் போ என்பார்கள்.

வில்கின்சன் எடுத்தது மிகச் சரியான முடிவு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அதை எடுத்தது 2009இன் விதிகளின் கீழ். இன்று அதே முடிவை எடுப்பவர் அவர் கொடுக்காத ஒரு விலையைக் கொடுக்க வேண்டும். ஆகவே அவருடைய கணக்கை முதலில் முழுதாகப் பார்ப்போம். எது இன்றைக்கும் பொருந்தும், எது பொருந்தாது என்பது அதிலிருந்தே தெளிவாகும்.

வில்கின்சனின் கணக்கு

1997இல் நியூகாசில் ஃபால்கன்ஸில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே கிளப் லீக் பட்டம் வென்றது. 1998 ஏப்ரலில், 18 வயதில், அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணியில் அறிமுகம். அந்த ஆண்டு ஜூனில் ஆஸ்திரேலியாவிடம் 76-0 என்று இங்கிலாந்து நொறுங்கிய ஆட்டத்திலும் ஃப்ளை-ஹாஃபாக (ஆட்டத்தை வழிநடத்தும் நிலை) நின்றவர் அவர்தான். ஐந்தாண்டு கழித்து அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, 2003 நவம்பர் 22 அன்று சிட்னியில், கூடுதல் நேரம் முடிய அரை நிமிடம்கூட இல்லாதபோது டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது கம்பங்களுக்கு இடையே உதைப்பது) அடித்து 20-17 என்று உலகக் கோப்பையை வென்று தந்தார். இடதுகால் வீரரான அவர் அதை அடித்தது வலது காலால்.

அதன் பிறகுதான் நம் ஒப்பீட்டுக்குத் தேவையான பகுதி தொடங்குகிறது. 2004 தொடக்கத்தில் கழுத்து அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டு இறுதியில் மேற்கையில் ரத்தக் கட்டு. 2005இல் முழங்கால் தசைநார், ஒரு முறையோடு நிற்கவில்லை. 2006இல் சிறுநீரகத்தில் கிழிசல். உலகக் கோப்பை இறுதிக்கும் இங்கிலாந்துக்காக அவர் ஆடிய அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் 1,169 நாட்கள் ஓடிவிட்டன. திரும்பி வந்த ஆட்டத்தில், 2007 பிப்ரவரியில், ஸ்காட்லாந்துக்கு எதிராக 27 புள்ளிகள் எடுத்தார். 2008 இலையுதிர் காலத்தில் மறுபடி முழங்கால். அந்தப் பருவத்தின் பெரும்பகுதி போயிற்று.

2009இல் 30 வயதில் துலோனுக்குக் கிளம்பியபோது அது இன்று நாம் நினைக்கும் துலோன் இல்லை. 2008இல்தான் மேல் லீக்குக்கு ஏறியிருந்தது. உரிமையாளர் மூராட் பூஜெல்லால் காமிக்ஸ் பதிப்பில் பணம் சேர்த்தவர். வீரர்களை வாங்கிக் குவிக்கிறார் என்ற பேச்சு மட்டுமே கிளப்புக்கு இருந்தது. ஆனால் வில்கின்சனுக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் அங்கே இருந்தன. பயிற்சியாளராக வந்த பிலிப் சாந்தாந்த்ரே இங்கிலாந்தில் குளொஸ்டரிலும் சேலிலும் பணியாற்றியவர். மொழியும் ஆட்ட முறையும் முதல் நாளே முட்டவில்லை. இரண்டாவது, அணியில் சுமை பகிர ஆள் இருந்தது. நியூகாசிலில் அவர் இல்லாவிட்டால் அணி இல்லை என்ற நிலை. துலோனிலோ ஃபெர்னாண்டஸ் லோபே, கார்ல் ஹேமன், மாட் கிட்டோ, பாக்கிஸ் போத்தா என்று ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் சேர்ந்தார்கள்.

பலன் உடனே வரவில்லை. இதை யாரும் சொல்வதில்லை. 2010இல் ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பை இறுதியில் கார்டிஃப் புளூஸிடம் தோல்வி. 2012இல் டாப் 14 இறுதியில் துலூஸிடம் தோல்வி. 2013இல் காஸ்த்ரிடம் தோல்வி. இதற்கிடையே 2013இல் டப்ளினில் கிளெர்மோனை 16-15 என்று வென்று ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைக் கோப்பையான ஹைனெக்கன் கோப்பை கிடைத்தது. அந்தப் 16இல் 11 அவருடைய காலில் வந்தவை. 2014 மே 24 அன்று கார்டிஃபில் சரசென்ஸை 23-6 என்று வென்று இரண்டாவது ஹைனெக்கன் கோப்பை. ஒரு வாரம் கழித்து, மே 31 அன்று, அதே காஸ்த்ரை 18-10 என்று வென்று டாப் 14 பட்டம். அதுவே அவருடைய கடைசி ஆட்டம். முதல் கோப்பைக்கு நான்கு பருவம் காத்திருந்திருக்கிறார். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போய்விட்டு வில்கின்சனின் பலனை எதிர்பார்க்க முடியாது.

இப்போது முக்கியமான வரி. துலோனில் ஆடிக்கொண்டே, 2009 முதல் 2011 வரை, இங்கிலாந்துக்காகவும் அவர் ஆடினார். 2011 உலகக் கோப்பையிலும் இருந்தார். அந்த டிசம்பரில்தான் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார்: இங்கிலாந்துக்கு 91 ஆட்டங்கள், 1,179 புள்ளிகள், பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணியான லயன்ஸுக்கு 6 டெஸ்ட், 67 புள்ளிகள். ஆக, வெளிநாட்டுச் சம்பளம், தேசிய அணி இரண்டும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன.

2011க்குப் பிறகு மூடிய கதவு

இங்கிலாந்து ரக்பிச் சங்கமான ஆர்.எஃப்.யூ. 2011 உலகக் கோப்பைக்குப் பின் விதியை மாற்றியது. இங்கிலாந்துக் கிளப்பில் ஆடாதவர், அசாதாரணச் சூழ்நிலை இருந்தால் ஒழிய, தேசிய அணிக்கு எடுக்கப்பட மாட்டார். அசாதாரணம் என்பதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தார்கள் என்பதற்கு ஸ்டெஃபன் ஆர்மிட்டேஜ் சாட்சி. 2014இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது. துலோனோடு தொடர்ந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். 2015இல் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பைக்கும் அவரை எடுக்கவில்லை. இங்கிலாந்து குழுச் சுற்றிலேயே வெளியேறியது. ஆர்மிட்டேஜின் சர்வதேசக் கணக்கு 5 ஆட்டங்களோடு நின்றது. 2015இல் அதே விருதை வாங்கிய கிளெர்மோன் ஃபுல்-பேக் நிக் அபெண்டனனுக்கும் இதே கதி: 2007இல் ஆடிய 2 ஆட்டங்களோடு சரி.

விதி தளர்ந்தது ஒரு காரணத்துக்காக மட்டும். 2022இல் வூஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023இல் லண்டன் ஐரிஷும் கவிழ்ந்தபோது, கிளப்பை இழந்து வெளிநாடு போனவர்களுக்கு 2023 உலகக் கோப்பை வரை விலக்கு கிடைத்தது. வாஸ்ப்ஸிலிருந்து துலூஸுக்குப் போன ஜாக் வில்லிஸ் அப்படித்தான் ஆடினார். பின்னர் துலூஸிலேயே தங்க முடிவு செய்ததும் வாய்ப்பு முடிந்தது. வேல்ஸில் 25 சர்வதேச ஆட்டங்களை எட்டியவர் எங்கே ஆடினாலும் தேசிய அணிக்குத் தகுதி உண்டு. இங்கிலாந்தில் அப்படி ஒரு எண்ணிக்கை கிடையாது. 100 ஆட்டம் ஆடியவருக்கும் விதி ஒன்றே.

போய்விட்டுத் திரும்பலாமே என்றால், அதற்கும் இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. கிறிஸ் ஆஷ்டன் 2017இல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் துலோன் போனார். ஒரே பருவத்தில் 24 டிரை (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது). டாப் 14இல் அது சாதனை. தேசிய அணி வேண்டுமென்று 2018 கோடையிலேயே சேலுக்குத் திரும்பினார், அந்த நவம்பரிலேயே நியூசிலாந்துக்கு எதிராக டிரை அடித்தார். ஆனால் 2019 தொடக்கத்தில் வாய்ப்பு நின்றுவிட்டது. மொத்தம் 44 ஆட்டங்கள். கிளப் அளவில் அவருக்கு நஷ்டமே இல்லை. பிரீமியர்ஷிப்பில் 100 டிரை எட்டிய முதல் வீரராக 2023இல் ஓய்வு பெற்றார். இரண்டாமவர் ஸாக் மெர்சர். 2022இல் மோன்பெலியேவோடு டாப் 14 பட்டம், லீக்கின் சிறந்த வீரர் தேர்வு. 2023 கோடையில் குளொஸ்டருக்குத் திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் உலகக் கோப்பை. அணியில் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் கணிப்பு இது: உலகக் கோப்பைக்காகத் திரும்புவதென்றால் ஒரு முழுப் பருவமாவது முன்னால் திரும்ப வேண்டும். தேர்வாளர் கண்முன் ஒரு இலையுதிர் காலத் தொடரும் ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ஒன்றும் ஆடியிருக்க வேண்டும். அடுத்தது 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. அப்படியானால் பிரெஞ்சு ஒப்பந்தம் முடியும் தேதி 2026 ஜூன் 30ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தேசிய அணி ஆசையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பேரம் பேசுவதே நேர்மை.

பணம்: எழுதியிருப்பதும் கையில் வருவதும்

பிரீமியர்ஷிப்பின் சம்பள வரம்பு 2024-25 முதல் ஒரு கிளப்புக்கு 64 லட்சம் பவுண்டு. டாப் 14இல் அது சுமார் 1 கோடியே 7 லட்சம் யூரோ. பவுண்டை 1.15 யூரோ என்று வைத்தால் இங்கிலாந்து வரம்பு 74 லட்சம் யூரோதான். இந்த இடைவெளிதான் பிரெஞ்சுக் கிளப்பின் பேரச் சக்தி.

ஆனால் தேசிய அணி வீரருக்கு இன்னொரு வரவு உண்டு. 2024 முதல் ஆர்.எஃப்.யூ. அதிகபட்சம் 25 வீரர்களுக்குத் தனி ஒப்பந்தம் தருகிறது. ஆண்டுக்கு சுமார் 1,60,000 பவுண்டு என்று செய்தி. ஒரு கணக்குக்காக, கிளப் சம்பளம் 3,00,000 பவுண்டு என்போம். இரண்டும் சேர்த்து 4,60,000. பிரான்ஸிலிருந்து 5,00,000 யூரோ வந்தால் கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். பவுண்டில் சுமார் 4,35,000தான், வீட்டில் இருப்பதைவிடக் குறைவு. தேசிய அணிக்கு வெளியே இருப்பவருக்கோ அதே 5,00,000 யூரோ பெரிய ஏற்றம். ஒரே காகிதம், இருவருக்கு இரண்டு பதில்.

பிறகு வரி. இங்கிலாந்தில் 1,25,140 பவுண்டுக்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 45 விழுக்காடு வரி, அதன்மேல் 2 விழுக்காடு தேசியக் காப்பீடு. மேலே சொன்ன 4,60,000இல் கையில் நிற்பது ஏறக்குறைய 2,55,000. பிரான்ஸில் புதிதாகக் குடியேறிப் பணியாற்றுபவருக்குச் சலுகை உண்டு: முந்தைய ஐந்து ஆண்டு பிரான்ஸில் வரி வசிப்பாளராக இருந்திராதவர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்கு வருமான வரி விலக்குப் பெறலாம், வந்த ஆண்டுக்குப் பின் எட்டாவது ஆண்டின் இறுதிவரை. கூடவே அங்கே வரி குடும்பமாகக் கணக்கிடப்படுகிறது. மனைவிக்கு வருமானம் இல்லாமல் இரு குழந்தைகளும் இருந்தால் தொகையை மூன்று பங்காகப் பிரித்து விகிதம் பார்ப்பார்கள். தனி ஆளுக்கு ஒரே பங்கு. அதனால் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு சக வீரர்கள் கையில் வேறு வேறு தொகை நிற்கும்; நண்பர் சொன்ன எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அதிகம் பேர் விழும் குழி நெட் என்ற சொல்தான். பிரெஞ்சுச் சம்பளச் சீட்டில் நெட் என்றால் வழக்கமாகச் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் போன தொகை. வருமான வரி இன்னும் போகவில்லை. இங்கிலாந்து வீரர் அதை எல்லாம் போக மிச்சம் என்று எண்ணிக் கையெழுத்திடுகிறார், முதல் சீட்டைப் பார்த்துத் திகைக்கிறார். ஏஜென்டிடம் மூன்று எண்ணையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும்: மொத்தம், பிடித்தம் போக, வரியும் போக. வீடு, கார் தருவதாகச் சொன்னால் அவை சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு வருமா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

இங்கிலாந்து வரி வசிப்பிலிருந்து வெளியேறுவதற்கும் எண்ணிக்கை உண்டு. வெளிநாட்டில் முழுநேர வேலை என்ற அடிப்படையில் விலகுபவர், ஒரு வரியாண்டில் பிரிட்டனில் 91 நாளுக்குக் குறைவாகத் தங்க வேண்டும்; பிரிட்டனில் வேலை செய்த நாட்கள் 31ஐ எட்டக் கூடாது. ஐரோப்பியக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் கோப்பைக்காக லெஸ்டரிலோ நார்தாம்ப்டனிலோ ஆட வந்தால் அது வேலை நாள். நாட்குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது.

தங்குபவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கிளப்பில் பத்தாண்டு ஆடியவருக்கு டெஸ்டிமோனியல் ஆண்டு, அதாவது அவருக்காக நிதி திரட்டும் ஆண்டு, தரும் வழக்கம் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதப்படாத, தனிக் குழு நடத்தும் டெஸ்டிமோனியலில் 1,00,000 பவுண்டு வரை வாழ்நாளில் ஒரு முறை வரி இல்லை. எட்டாவது ஆண்டில் கிளப் மாறுபவர் இதையும் விட்டுவிட்டுத்தான் போகிறார்.

உடம்பு எவ்வளவு தாங்கும்

பிரீமியர்ஷிப்பில் இப்போது 10 கிளப்புகள், லீக் ஆட்டம் 18. டாப் 14இல் 14 கிளப்புகள், லீக் ஆட்டம் 26. மேலே ஆறு அணிகளின் பிளே-ஆஃப். ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் இறுதிவரை இழுக்கும். கடைசி இடத்துக்கு நேரடி இறக்கம், 13ஆம் இடத்துக்கு இரண்டாம் பிரிவு அணியோடு ஒரு வாழ்வா சாவா ஆட்டம். அதனால் நடு அட்டவணைக் கிளப்புகூட மே மாதம்வரை வீரரை ஓய்வில் விடாது.

வில்கின்சனின் உடம்பு பிரான்ஸில் தேறியது என்பதை வைத்து டாப் 14 மென்மையான லீக் என்று நினைப்பது ஆபத்து. தேறியதில் பெரும் பங்கு அணியின் ஆழத்துக்கு. ஆள் குறைந்த கிளப்பில் 30 வயது வீரர் 26 ஆட்டத்தில் 24இல் நிற்க வேண்டியிருக்கும். ஆண்ட்ரூ ஷெரிடன் போன்ற இரும்பு உடம்புக்காரரே 2012இல் துலோன் போய் 2014இல் கழுத்துக் காயத்தால் ஓய்வு பெற்றார்.

களத்தில் ஆடும் நிலையைப் பொறுத்தும் கணக்கு மாறும். இரு அணியும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்கும் பிராப் முப்பதுக்குப் பிறகும் முதிர்வார். டான் கோல் 38 வயதுவரை லெஸ்டரில் ஆடி, 118 சர்வதேச ஆட்டங்களோடு 2025இல் விடைபெற்றார். அவரைப் போன்றவர் அவசரப்பட வேண்டியதில்லை. டாப் 14 ஸ்க்ரமை மதிக்கும் லீக். நல்ல டைட்-ஹெட் (வலப்பக்க) பிராப்புக்கு 32இலும் அழைப்பு வரும். ஓரத்தில் ஓடும் விங்கருக்கு வேகம் குறைந்த மறுநாளே விலை குறையும். 28இல் வந்த அழைப்பு 31இல் வராது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பாதுகாப்பு என்ற ஒன்றில் பிரான்ஸ் தெளிவாக முன்னால் நிற்கிறது. அங்கே வீரரின் ஒப்பந்தம் குறித்த காலத்துக்கானது. காலம் முடியுமுன் அதை முறிக்க இருவரின் சம்மதம், கடும் தவறு, கட்டுக்கு மீறிய நிகழ்வு, அல்லது தொழில்சார் மருத்துவர் ஆட இயலாது எனச் சான்றளிப்பது ஆகிய வழிகளே உண்டு. லீக் நிர்வாகம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து ஒப்புதல் தர வேண்டும். தனித் தாளில் எழுதி மேசைக்கடியில் நீட்டும் வாக்குறுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கிளப்புகளின் கணக்கைத் தணிக்கைக் குழு ஒன்று பார்த்து, தேறாவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கும். இங்கிலாந்தில் 2022 அக்டோபரில் வூஸ்டர் வீரர்களின் ஒப்பந்தங்கள் நீதிமன்ற உத்தரவோடு ஒரே நாளில் செல்லாமல் போயின. அதே மாதம் வாஸ்ப்ஸில் 167 பேர் வேலை இழந்தார்கள்.

பிரான்ஸில் கவனிக்க வேண்டியது ஜிஃப் விதி. பிரெஞ்சுப் பயிற்சி மையங்களில் வளர்ந்தவர்களை அப்படிக் குறிப்பார்கள். ஆட்டத்துக்கான 23 பேரில் சராசரியாக 16 பேர் ஜிஃப்பாக இருக்க வேண்டும், தவறினால் தண்டனை. மிச்சம் 7 இடம். தென்னாப்பிரிக்கர், பிஜியர், அர்ஜென்டினர், ஆஸ்திரேலியர் எல்லோரோடும் அந்த ஏழுக்குத்தான் போட்டி. கையெழுத்துக்கு முன் கிளப்பின் பட்டியலை எடுத்து, உங்கள் நிலையில் ஜிஃப் யார், ஜிஃப் அல்லாதவர் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் எத்தனை சனிக்கிழமை பார்வையாளராக உட்கார நேரும் என்பது தெரிந்துவிடும்.

பிரெக்ஸிட்டுக்குப் பின் நீண்ட கால விசா தேவை. கிளப் ஏற்பாடு செய்யும். குடும்பத்தின் காகிதங்களும் அதே நேரத்தில் போகிறதா என்று கேட்க வேண்டும். மொழி ஃப்ளை-ஹாஃபுக்கும், லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தை எறிந்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவது) பந்தை எறியும் ஹூக்கருக்கும் வேலைக்கருவி, லைன்-அவுட் அழைப்பே பிரெஞ்சில்தான். வில்கின்சன் செய்தியாளர்களிடமே பிரெஞ்சில் பேசும் அளவுக்குக் கற்றார்.

ஜப்பான்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பருவம் டிசம்பரில் தொடங்கிக் கோடைத் தொடக்கத்தில் முடியும். மோதல் குறைவு, ஓட்டம் அதிகம். இங்கிலாந்துத் தகுதி அங்கேயும் போகும். வேறு நாட்டுக்காக ஆடியவர்கள் ஒரு அணியில் ஒரே நேரத்தில் களத்தில் மூவர் என்ற வரம்பு இருந்துவருகிறது. ஒருவரை மாற்றியே இன்னொருவர் வர முடியும். கிளப்புகள் நிறுவனங்களுக்குச் சொந்தம். சம்பளம் தவறாது, ஆனால் நிறுவனம் மனம் மாறினால் அணியே போய்விடும். முனகாட்டா சானிக்ஸ் புளூஸ் 2022இல் கலைந்தது அப்படித்தான்.

இந்த வழியைச் சரியாகப் பயன்படுத்தியவர் ஜார்ஜ் குரூஸ். 45 சர்வதேச ஆட்டங்கள் ஆடிவிட்டு 2020இல் பனாசானிக் வைல்ட் நைட்ஸுக்குப் போனார். 2021, 2022 இரண்டிலும் பட்டம். 2022 ஜூனில் டிவிக்கனாமில் பார்பேரியன்ஸ் என்ற அழைப்பு அணிக்காக இங்கிலாந்துக்கு எதிராக ஆடி, குதிகாலால் பின்புறமாகக் கன்வர்ஷன் (டிரைக்குப் பிந்தைய உதை) அடித்து ஓய்வு பெற்றார். ஜேம்ஸ் ஹாஸ்கெல் 2011இல் ஜப்பான், 2012இல் நியூசிலாந்து என்று ஒரு சுற்றுச் சுற்றி வாஸ்ப்ஸுக்குத் திரும்பி, 77 சர்வதேச ஆட்டங்கள் வரை போனார். உலகக் கோப்பை முடிந்த கையோடு, 26 வயதில் கிளம்பியதால்தான் அது சாத்தியமானது.

எங்கள் பரிந்துரை

ஆர்.எஃப்.யூ. ஒப்பந்தம் கையில் இருப்பவர், 30க்குக் கீழே இருந்தால், தங்க வேண்டும். பணக் கணக்கே அதைத்தான் சொல்கிறது. தேசிய அணிக்கு அருகில் போகாத, 27 முதல் 29 வயதுள்ள, விங்கர் போன்ற பின்வரிசை வீரர் பிரான்ஸுக்குப் போகட்டும். குறைந்தது மூன்றாண்டு, மேலே ஆறு இடத்துக்குள் வரும் கிளப், ஜிஃப் அல்லாதோர் பட்டியல் சிறிதாக உள்ள இடம். சர்வதேச ஆட்டத்திலிருந்து தாமாக விலகியவருக்கு, முழங்காலோ கழுத்தோ ஏற்கெனவே அறுவை கண்டிருந்தால், பிரான்ஸைவிட ஜப்பானைச் சொல்வோம். ஊசலாடுபவர், அதாவது அணிக்கு உள்ளேயும் வெளியேயுமாக இருப்பவர், ஒரு பருவம் நீட்டிப்பு வாங்கிக்கொண்டு அடுத்த சிக்ஸ் நேஷன்ஸ் முடியும்வரை பொறுக்கலாம். பிரெஞ்சுக் கிளப்புகள் அடுத்த பருவத்துக்கான ஆட்களைப் பல மாதம் முன்பே பிடித்துவிடும் என்பதால், ஒப்பந்தம் முடிய 18 மாதம் இருக்கும்போதே மருத்துவ அறிக்கை, இரு நாட்டு வரிக் கணக்காளர், கிளப்பின் வீரர் பட்டியல் மூன்றையும் தயார் செய்திருக்க வேண்டும்.